கணுக்காலா, கெண்டைக்காலா?

மழைக்கு மறுநாள் கரிசல் பாதையில் பாரவண்டி போகுமா என்று யாரிடம் கேட்டாலும் பதில் சொல்லுவார்கள். அதை நம்பி வண்டியைப் பூட்டின பிறகுதான் சங்கதி தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் இரண்டு வருஷம், இதைக் கேட்டு விசாரிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

சிவகாசிக்கு வெளியே விருதுநகர் போகிற ரோட்டோரம் ஒரு பட்டாசுக் கம்பெனி. வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுவீடாகக் கொடுத்துச் சுருட்டி வாங்குவார்கள். தாளும் பசையும் கம்பெனியிலிருந்து போகும். சுருட்டிக் காயவைத்த குழாய் கட்டுக்கட்டாக மாட்டுவண்டியில் திரும்பி வரும். வருகிற வழியில் நனைந்தால் தீர்ந்தது கதை. ஊறின குழாய் வெடிமருந்து தாங்காது, குப்பைக்குழிக்குத்தான் போகும். இருபது வீட்டுப் பெண்கள் பதினைந்து நாள் சுருட்டினது ஒரு தூற்றலுக்குத் தாங்காது.

நான் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தில் காய்ச்சல் வந்து படுத்தவன். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. நான்தான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. கம்பெனியில் முதலில் பசை காய்ச்சினேன். அடுப்பு அணைந்திருக்குமோ என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். மழைக்காலம் வந்ததும் வண்டியை எந்த ஊருக்கு என்றைக்கு அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. போர்மேன் என்னைக் காட்டினார்.

"இவன்ட்ட குடுங்க. பயந்தவன் சரின்னு சொல்லிட்டா கண்ண மூடிக்கிட்டுப் போலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பதவி உயர்வு. பசை வாடையிலிருந்து தப்பித்தேனே, அது போதாதா?

கரிசலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நல்ல மழை பெய்தால் அது வண்டிச் சக்கரத்தில் ஒட்டி, ஒட்டி, சக்கரத்தையே இரண்டு மடங்காக்கிவிடும். வெயில் அடித்தால் பலகை மாதிரி இறுகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. மேலே பொருக்கு காய்ந்து வெடித்திருக்கும், அடியில் அல்வா மாதிரி கிடக்கும். பார்த்தால் தெரியாது. போதாக்குறைக்கு எங்கள் பக்கத்து மழை ஊர் பார்த்துப் பெய்யும். சிவகாசியில் தூசி பறக்கும்போது ஆனைக்குட்டம் பக்கம் ஊற்றித் தள்ளியிருக்கும். அதனால் நேற்றைய சேதி இன்றைக்கு உதவாது, இந்த ஊர்ச் சேதி அந்த ஊருக்கு உதவாது.

தினமும் காலையில் டீக்கடையில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் மறிப்பேன். ஒருநாள் சைக்கிளில் வந்தவர், "பாதை அருமையா இருக்கு" என்றார். வண்டியை அனுப்பி மாட்டிக்கொண்டோம். மறுநாள் அவரைப் பிடித்துக் கேட்டால், "நான் சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டுல வந்தேன்" என்கிறார். அது சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஆடு ஓட்டி வந்தவர் "தாராளமாப் போலாம்" என்றார். ஆடு தாராளமாகப் போகும்தான். விருதுநகர் பஸ் கண்டக்டரிடம் கேட்டால் தார் ரோட்டைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு பாதை தெரியாது. ஆனாலும் அவர் பஸ்ஸால் ஒரு லாபம் உண்டு. மேலே கட்டியிருக்கிற மூட்டைகள் நனைந்திருந்தால் சூலக்கரைப் பக்கம் மழை என்று தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம்விட ஒரு பெரிய இடைஞ்சல். கிளம்பி நிற்கிறவனைப் பார்த்து யாரும் "போகாதே" என்று சொல்லமாட்டார்கள். அபசகுனம். முழங்கால் சேற்றில் நீந்தி வந்த மனுஷன்கூட வண்டி பூட்டி நிற்பதைப் பார்த்துவிட்டால், "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றுதான் சொல்லுவார். மரியாதை தெரிந்த ஊர். அந்த மரியாதையால் இரண்டு அச்சு முறிந்தது.

எங்கள் வண்டிக்காரர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் நீளம். இரண்டாவது அச்சு முறிந்த அன்று சொன்னார்:

"ஏலே, ஊரெல்லாம் கேட்டு நீ சொல்றதுக்கு, என் மாட்டுக்கிட்டக் கேட்டா அது தலைய ஆட்டிச் சொல்லிரும்."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஒரு வழி புலப்பட்டது.

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பு ஆகாது, காலில் மண்ணும் ஆகாது. ஒரு மணல்பொடி மருந்தில் உரசினாலே போதும், தீப்பொறிதான். அதனால் வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. வருகிற ஆள் ஒவ்வொருவரும் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலைக்கு வருகிற பெண்கள் நாலா பக்கத்து ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். அன்று எதேச்சையாகத் தொட்டி ஓரம் நின்றிருந்தேன். நாரணாபுரத்துப் பக்கத்துப் பெண்கள் காலில் வெறும் புழுதி. திருத்தங்கல் பக்கம் கணுக்கால்வரை கறுப்பு. ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கெண்டைக்கால்வரை பூட்ஸ் போட்ட மாதிரி வந்து நின்றார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தந்தப் பாதையில் நடந்த கால்கள். காலுக்கு மரியாதை சொல்லத் தெரியாது, சகுனம் பார்க்கத் தெரியாது. எதுவரை சேறோ அதுவரை காட்டும்.

மறுநாளிலிருந்து தொட்டிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வேன். கையில் சின்ன நோட்டு. ஊர்ப்பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் 'பு' என்றால் புழுதி, 'க' என்றால் கணுக்கால், 'கெ' என்றால் கெண்டைக்கால். புழுதிக்கு முழு லோடு, கணுக்காலுக்கு அரை லோடு, கெண்டைக்காலுக்கு வண்டி கிடையாது. ஒரு மாசம் ஒரு தடவை கூடத் தப்பவில்லை. வண்டிக்காரர் அண்ணனே ஒருநாள் எனக்கு டீ சொன்னார். "எப்பிடிலே கண்டுபிடிக்க?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று பயம்.

யாரிடமும் சொல்லாததுதான் தப்பாகப் போயிற்று. நான் பார்க்கிறேனே தவிர, ஏன் பார்க்கிறேன் என்று அந்தப் பெண்களுக்கு யார் சொல்வது? என் கண் எப்போதும் தரையில். ஒரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. ஆனைக்குட்டம் பக்கத்துக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு உயரமான அக்கா வருவார். தாள் வெட்டும் வேலை. ஒருநாள் அவர் பக்கத்தில் வந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மதினி, சேலைய இறக்கி விடு. நோட்டுக்காரரு உக்காந்துட்டாரு."

வெட்கத்தில் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அன்றைக்காவது எழுந்து போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பெண்கள் கூட்டத்தில் போய் வாய் திறக்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை. இப்போதும் ஒன்றும் பெரிதாக வந்துவிடவில்லை.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி சீசன். ஆர்டர் கழுத்தை நெரித்தது. ஆனைக்குட்டத்துக்கு இங்கிட்டு ஒரு ஊரில் முழு லோடு குழாய் தயாராகக் கிடந்தது. போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"வியாளக்கிளமைக்குள்ள அந்தக் குளாய் வந்தாகணும். திரி வைக்கிற பிள்ளைக சும்மா உக்காந்திருக்கு. நனையாம வரணும். நனைஞ்சு வந்துச்சு, நீ பசை காய்ச்சப் போயிரு."

செவ்வாய் கெண்டைக்கால். புதன் கணுக்கால், ஆனால் புதன் ராத்திரி அந்தப் பக்கம் மின்னினது. வியாழன் காலை நகத்தைக் கடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஆனைக்குட்டம் கூட்டம் வந்தது. எனக்கு என் கண்ணையே நம்ப முடியவில்லை. அத்தனை காலும் சுத்தம். புழுதிகூட இல்லை. இரண்டு சின்னப் பெண்கள் மஞ்சள் வேறு பூசியிருந்தார்கள். மின்னினதோடு சரி, பெய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் 'பு' போட்டேன். முழு லோடு.

என் வாழ்க்கையில் கவலைப்படாமல் ஒரு காரியத்துக்குக் கிளம்பினது அந்த ஒருநாள்தான். வண்டிக்கு மூடுகிற படுதாவைக்கூட எடுக்கவில்லை. "காஞ்ச பாதைண்ணே, படுதா எதுக்கு, வீண் பாரம்தானே" என்றேன். வண்டிக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நானும் கூடவே போனேன். போகும்போது வெறும் வண்டி. பத்து மணி வெயில் சுள்ளென்று அடித்து, பாதை மேலே பொருக்குக் கட்டியிருந்தது. பள்ளமான இடத்தில்கூடச் சக்கரம் விரற்கடைதான் பதிந்தது. ஊரில் கட்டுகளை ஏற்றினோம். இரண்டு ஆள் உயரம். வீட்டுக்காரப் பெண்கள் நின்று பார்த்து, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றார்கள்.

அதே பள்ளத்தில், திரும்பி வரும்போது, வலது சக்கரம் பொருக்கை உடைத்துக்கொண்டு அச்சுவரை இறங்கியது. சத்தமே இல்லை. பந்தியில் உட்கார்கிற மாதிரி வண்டி மெதுவாக உட்கார்ந்தது.

வண்டிக்காரர் இறங்கினார். மாட்டை அவிழ்த்தார். வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கேட்டார்:

"நோட்டு வச்சிருப்பியே. எடு. இந்த எடத்துக்கு என்ன போட்டிருக்க?"

"பு" என்றேன்.

"பூவா? நல்லாருக்குலே. மாலையா கட்டி என் மாட்டுக்குப் போடு."

அந்நேரம் மேற்கே இடித்தது. திரும்பிப் பார்த்தால் மேகம் குவிந்து குவிந்து வருகிறது. சுற்றிலும் பருத்திக் காடு. ஒதுங்க ஒரு கூரை கிடையாது. தார் ரோடு கூப்பிடு தூரத்தில் தெரிகிறது, ரோட்டோரம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அம்புட்டுத்தான். வண்டி நிறையக் காகிதம், படுதா இல்லை. நான் நாலு கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்கியது. இந்தக் கணக்கில் தூக்கினால் பாதி வண்டி இறக்குவதற்குள் மழை வந்துவிடும். பசை அடுப்பு கண்ணுக்குள் எரிந்தது. அதைவிட, இப்போதுதான் சிரித்துக்கொண்டு வழியனுப்பின அந்த வீட்டுப் பெண்களின் முகம். அவர்களிடம் போய் என்ன சொல்லுவேன்?

அப்போதுதான் ரோட்டிலிருந்து பாதைக்குள் ஒரு கூட்டம் இறங்கி வந்தது. இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதுதான் வழக்கம். ஆனைக்குட்டம் பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் இருக்கும், தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு மதியத்திலேயே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். முன்னால் அந்த உயரமான அக்கா.

"என்ன தம்பி, வண்டிய நட்டு வச்சிருக்கீக? மொளைக்குமா?"

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் தைரியமும் வந்துவிட்டது.

"யக்கா, நீங்க காலையில இந்த வளியாத்தானே வந்தீக?"

"பெறகு? ஏரோப்ளேன்லயா வந்தோம்?"

"அப்பச் சேறு இல்லையா?"

"இல்லாம என்ன? கெண்டக்காலு வரைக்கும் பொதக்கு பொதக்குன்னு போச்சு."

"உங்க கால்ல ஒண்ணும் இல்லையேக்கா! நான் பாத்தேனே! சுத்தமா இருந்துச்சே!"

பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்:

"நீங்க பாத்தது... சேத்தையா?"

"பெறகு? பாதை எப்பிடிருக்குன்னு தெரிய வேண்டாமா? வண்டி அனுப்பணும்ல?"

"அடப்பாவி மனுசா!"

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஒரு மாசமாக இதே பேச்சாம். நோட்டுப் போட்டுக் காலைப் பார்க்கிறானே, எதற்கு என்று. சின்னப் பெண்கள், அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறான், பெருவிரலைவிடப் பக்கத்து விரல் நீளமாக இருக்கிறதா என்று கவனிக்கிறான் என்றார்களாம். அதனால்தான் இரண்டு பேர் மஞ்சள். பெரியவர்கள் அதை நம்பவில்லை. கம்பெனியில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள், சேற்றுக் காலோடு வருகிறவர் பெயரையெல்லாம் குறிக்கிறான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். புதன் சாயங்காலம் பேசி வைத்து, வியாழன் காலை தார் ரோட்டுக்கு முந்தின பம்புசெட்டில் எல்லோரும் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா வாயால சொல்லிருப்பம்ல? எங்க வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"இவகளுக்கா பூட்டு!" என்றார் வரப்பிலிருந்த வண்டிக்காரர். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் இன்னொரு தடவை இடித்ததும் நின்றுவிட்டது.

அந்த அக்கா வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "இது யாரு வீட்டுக் குளாய்? நம்ம ஊர்ப் பிள்ளைக சுருட்டினதுதான?" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். தூக்குச்சட்டிகளெல்லாம் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தன. தலைக்கு இரண்டு கட்டு, கைக்கு ஒன்று. சேற்றில் நடக்க அவர்களுக்குத் தெரிந்தது போல எனக்குத் தெரியாது. பெருவிரலை ஊன்றி, குதிகாலை உருவி எடுத்து, சரசரவென்று போனார்கள். நான் மூன்றாவது நடையில் வழுக்கிக் கட்டோடு விழுந்தேன்.

"நோட்டுல எளுதுங்க தம்பி, இடுப்பு வரைக்கும்னு!"

பள்ளிக்கூடத்து டீச்சரம்மா பிள்ளைகளை ஒரு பக்கம் ஒதுக்கி உட்கார வைத்துவிட்டு, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதன்மேல் கட்டுகள் அடுக்கடுக்காக ஏறின. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டுக் கட்டுகளை எண்ண ஆரம்பித்தார்கள். பாரம் இறங்கினதும் வண்டிக்காரர் மாட்டைப் பூட்டி, நாலு பெண்கள் சக்கரத்தைத் தள்ள, வெறும் வண்டி பள்ளத்திலிருந்து எழுந்து வந்தது. கடைசிக் கட்டு வாசற்படி ஏறவும் கல்லெறிந்த மாதிரி மழை விழவும் சரியாக இருந்தது.

ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்தது. வானம் வெளுத்த பிறகு, தார் ரோட்டில் வண்டியை நிறுத்தி மறுபடியும் ஏற்றினோம். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. போர்மேன் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டை உருவி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கையைவிடக் கன்னத்துக்குத்தான் ஈரம் தெரியும். அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் கட்டு சரி. இரண்டாவது சரி. பத்தாவதோ என்னவோ, முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, நனைஞ்சு சேறா இருக்கு?"

"அது தம்பி படுத்து எந்திரிச்ச கட்டு" என்றார் வண்டிக்காரர். "மத்ததெல்லாம் பொம்பளைக தூக்குனது. அதுல ஒரு பொட்டு ஈரம் இருக்காது."

அந்த ஒரு கட்டு குப்பைக்குழிக்குப் போயிற்று. மற்றதெல்லாம் அந்தச் சாயங்காலமே சரக்குக் கிட்டங்கிக்குள் ஏறிவிட்டது. போர்மேன் பசையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் காலை கல்லில் உட்காரக்கூட விடவில்லை. சேதி எல்லா ஊருக்கும் போயிருந்தது. ஒவ்வொரு கூட்டமாக வந்து நின்று, காலைக் கழுவாமல், எனக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஓடையில் எம்புட்டுத் தண்ணி, எந்தப் புளியமரத்தடியில் வழுக்குகிறது, யார் வீட்டு மாடு எந்தப் பள்ளத்தில் விழுந்தது, விழுந்த மாடு யார் சீதனமாகக் கொண்டுவந்தது, எல்லாம். வாசலில் கூட்டம் தேங்கி, வாட்ச்மேன் கத்த ஆரம்பித்தார். கடைசியாக ஆனைக்குட்டம் கூட்டம்.

"தம்பி, எளுதிக்கிடுங்க. கணுக்காலு" என்றார் உயரமான அக்கா.

"கணுக்காலா?" என்றாள் அவர் பக்கத்தில் வருகிற மதினி. குட்டையான உருவம். "கண்ணு அவிஞ்சா போச்சு? கெண்டக்காலு! கெண்டக்காலு போடுங்க தம்பி."

"நானும் ஒன்கூடத்தானடி நடந்து வந்தேன்!"

"நீ பனமரம், ஒனக்குக் கணுக்காலு. தம்பி, எனக்கு எது வரைக்கும் வருதுன்னு வந்து பாருங்கன்னு சொல்லுதேன்ல!"

இரண்டு பேரும் ஒரே பாதையில் ஒரே சேற்றில் வந்தவர்கள். இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள். இரண்டு பேர் காலையும் பார்த்தேன், இந்தத் தடவை அனுமதி வாங்கிக்கொண்டு. இரண்டு பேர் சொல்வதும் நிஜம். நோட்டை வைத்துக்கொண்டு விழித்தேன். பிறகு 'கெ' என்று எழுதினேன். பயந்தவனுக்குக் குட்டைக் கால்தான் சரி.

டீக்கடையில் வண்டிக்காரர் காத்திருந்தார்.

"என்னலே, ஆனக்குட்டத்துக்குப் பூட்டவா?"

"நாளைக்குப் பாப்பம்ணே."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டீக்குக் குரல் கொடுத்தார்.